குனிந்தால் பின்னால் போகிற கால்

அம்சவள்ளி பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஊர் ஒரு காரணம் சொல்லும். வீட்டில் ஆடு குட்டி போட்டது, மேய்க்க ஆளில்லை, பெண் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள் என்று. கேட்கிறவர்களும் பாவம் என்பார்கள். அவளும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வாள்.

உண்மையில் அவளை விரட்டியது டிரில். எல்லாப் பிள்ளைகளையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி வாத்தியார் விசில் ஊதுவார். எல்லாரும் வலது பக்கம் திரும்பினால் இவள் இடது பக்கம் திரும்பிப் பக்கத்தில் இருக்கிறவளோடு மூக்கு முட்டிக்கொள்வாள். எல்லார் கையும் மேலே போகும்போது இவள் கை மட்டும் பக்கவாட்டில் போய் யார் கன்னத்திலாவது விழும். குள்ளம் என்பதால் சுதந்திர தினத்தன்று அவளைக் கொண்டுபோய் முன் வரிசையில் நிறுத்தினார்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது. அவள் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்தாள். அடுத்த வாரம் ஆடு குட்டி போட்டது. அந்த ஆட்டுக்கு அவள் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் மூலைக்காரி ஆகிவிட்டாள். கல்யாண வீடென்றால் பந்தல் காலோடு ஒட்டி நிற்பாள். போட்டோக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்லும்போது இவள் ஒரு அடி நகர்ந்துவிடுவாள். சங்கராபுரத்தைச் சுற்றியிருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால், கடைசி ஆளுக்குப் பக்கத்தில் வளையல் போட்ட ஒரு முழங்கை தெரியும். அது அம்சவள்ளிதான்.

மூலையில் நிற்கிறவளுக்கு வாய்க்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. அதனால் ஊரில் யார் எப்படி நடப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் டேங்க் திறக்கிற இருசப்பன், ஊர்ச் சாவியெல்லாம் தன் இடுப்பில்தான் இருக்கிறது என்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து நடப்பான். ராஜாம்பாள் வந்தால் அந்தத் தார்ச்சாலையே அவள் அம்மா வீட்டுச் சீர் என்று தோன்றும். அம்சவள்ளியின் புருஷன் சடையன், மருந்தடிக்கிற டேங்கை முதுகிலிருந்து இறக்கிவைத்து வெகுநேரம் ஆன பிறகும் அதைச் சுமந்துகொண்டே வீட்டுக்கு வருவான். தூரத்து வரப்பில் ஒரு புள்ளி அசைந்தால் போதும், அது இன்னார் என்று சொல்லிவிடுவாள். ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். உள்ளுக்குள் சொல்லி உள்ளுக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள்.

அவள் உடம்பு ஒழுங்காகச் சொன்னபடி கேட்கிற ஓர் இடம் உண்டென்றால் அது நடவு வயல். வரிசையில் எல்லாரும் குனிந்திருப்பார்கள். முகம் சேற்றைப் பார்க்கும், முதுகுதான் வானத்துக்கு. யாரும் யாரையும் பார்க்க முடியாத ஏற்பாடு. அதோடு எல்லாரும் பின்னால் போகவேண்டிய வேலை. நாற்றை ஊன்று, பின்னால் ஒரு எட்டு வை, ஊன்று, எட்டு வை. பின்னால் போவதில் அம்சவள்ளியை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஒருநாளாவது முன்னேறச் சொல்லாத வேலை என்பதால்தான் அது தனக்கு ஒத்துப்போயிற்று என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவள் நிர்மலா. மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. மலைமேல் கரியாலூரில் கோடை விழா, அதில் குழுப் பெண்களின் கும்மிப் போட்டியும் உண்டு என்று செய்தி வந்ததும் நடவு ஆள்களையே கும்மிக்கும் எழுதிக்கொண்டாள். ஜோடி ஜோடியாகத் திரும்பிக் கைதட்டுகிற கும்மி அது. ஆள் ஒன்று குறைந்தது. கலையரசி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நிர்மலா சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்சவள்ளி வழக்கம்போல ஒரு அடி நகர்ந்தாள். நகர்ந்ததால்தான் கண்ணில் பட்டாள்.

“ஆள் கணக்குக்குத்தான்டி. நீ ஆடவே வேணாம், நின்னா போதும்.”

நிற்பது அவளுக்குத் தெரிந்த வேலை. சரியென்று தலையாட்டிவிட்டாள். வீட்டில் சொன்னபோது சடையன் “நீயா?” என்ற ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். பிறகு சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் தட்டைக் கவிழ்த்திருப்பாள்.

கும்மி சொல்லிக்கொடுக்கத் திருக்கோவிலூரிலிருந்து சந்தியா என்ற சின்னப் பெண் வந்தாள். பஸ் ஏறி வருவாள், இருட்டுவதற்குள் பஸ் ஏறிப் போய்விடுவாள். பள்ளிக்கூட மைதானத்தில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் கும்மிப் பழக்கம். முதல் நாள் அவள் ஆடவிடவில்லை, பேசினாள். எந்த ஆட்டமாக இருந்தாலும் அதற்குள் இருப்பது நாலே சங்கதிதானாம். உடம்பு, அது இருக்கிற இடம், எடுத்துக்கொள்கிற நேரம், போடுகிற விசை. நடப்பதிலும் இந்த நாலும் உண்டு, மாவு ஆட்டுவதிலும் உண்டு, இந்த நாலையும் மனசறிந்து செய்தால் அது ஆட்டமாகிவிடும் என்றாள்.

அம்சவள்ளி தன் நாலையும் எண்ணிப் பார்த்தாள். உடம்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. இடம் என்றால் மூலை. நேரம் என்றால் மற்றவர்கள் செய்து முடித்த பிறகு. விசை என்று அவள் போட்டதெல்லாம் எங்கிருந்தாவது நழுவுவதற்குத்தான். இந்த நாலையும் வைத்து ஒரு ஆட்டம் கட்டினால் அது எலி ஆட்டமாகத்தான் இருக்கும்.

வட்டம் கட்டி நிற்கச் சொன்னார்கள். அம்சவள்ளி போய் டேங்குக்குப் பின்பக்கம் வருகிற மாதிரி இடம் பிடித்தாள். சாலையில் போகிறவர்கள் பார்வைக்கு டேங்குத் தூண் மறைக்கும். பாட்டு தொடங்கியது, வட்டம் சுழன்றது. நாலு தட்டு தட்டுவதற்குள் அவள் சாலைக்கு நேரே வந்து நின்றாள். வட்டத்துக்கு மூலை கிடையாது என்பது இத்தனை வயசுக்கு அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. வட்டத்தில் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. அவரவருக்கு அவரவர் காலைப் பார்க்கவே பொழுது போதவில்லை. எல்லார் கையும் ஒன்றாகத் தட்டும்போது தன் கைச் சத்தம் எது என்று தேடினாள். கிடைக்கவில்லை. அது அவளுக்கு என்னவோ செய்தது. வீட்டுக்குப் போய்க் குழம்பு கூட்டும்போதும் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை மேடையில், அந்த வட்டத்தில் ஒருத்தியாக நின்றுவிட்டு வரவேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. எலிக்கு என்ன ஆசை என்று கேட்பார்கள்.

அப்படி ஆசை முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கலையரசி தாய் வீட்டிலிருந்து திரும்பிவிட்டாள். நன்றாக ஆடுகிறவள், தானும் வருவேன் என்று நின்றாள். இப்போது ஓர் ஆள் கூடுதல். யாரையாவது நிறுத்தவேண்டும். யாரை என்று நிர்மலா சொல்லமாட்டாள், நாளைக்கு நடவுக்கு ஆள் வேண்டும். மற்றவர்களும் சொல்லமாட்டார்கள், நாளைக்கு அதே வரிசையில் பக்கத்தில் குனியவேண்டும்.

சந்தியா ஒரு வழி சொன்னாள். குழுவுக்கென்று எடுத்த அரக்குச் சேலையை எல்லாரும் கட்டிக்கொண்டு வரவேண்டும், ஆடுவதைத் தான் வீடியோ படம் எடுத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு அவர்களே சொல்லட்டும் என்று. அப்படியே கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் டேங்க் ஏணியில் பாதி ஏறி, போனை நீட்டி, மேலேயிருந்து எடுத்தாள்.

பிறகு எல்லாரும் போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். அரக்குச் சேலைகளும் கொண்டைகளும் சுற்றிச்சுற்றி வந்தன. முகம் எதுவும் தெளிவாக இல்லை. அம்சவள்ளி ராஜாம்பாளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தன்னைத்தான் நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன்னைவிட மோசமாக ஆடுகிற ஒருத்தி அதில் அகப்படமாட்டாளா என்று குலசாமியை வேண்டிக்கொண்டு கண்ணை ஓட்டினாள்.

குலசாமி கைவிடவில்லை. அகப்பட்டுவிட்டாள் ஒருத்தி. டேங்குப் பக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஆடியவள். எல்லாரும் குனிந்து தட்டி நடுவை நோக்கி முன்னால் போகும்போது, அவள் மட்டும் குனிந்து தட்டிப் பின்னால் போகிறாள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். நடையைப் பார்த்தால் வாத்து தோற்றது. அம்சவள்ளியின் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். கூட்டத்தின் நடுவே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தாள்.

“டீச்சர், இதோ பின்னால போய்க்கினே இருக்குறா பாருங்க, இவள நிறுத்திடுங்க. வாத்து மாரி ஆடுறா.”

சந்தியா போனைக் கொஞ்சம் இறக்கினாள். நிர்மலா மண்ணைப் பார்த்தாள். ராஜாம்பாள்தான் மெல்லத் திரும்பி, இரக்கமும் ஆனந்தமும் கலந்த முகத்தோடு சொன்னாள்.

“அடிப்பாவி. அது நீதான்டி.”

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை விவரிக்க வேண்டியதில்லை. சுதந்திர தினச் சிரிப்பு அதற்கு உறைபோடக் காணாது. டேங்கில் தண்ணீர் திறக்க வந்த இருசப்பன் விஷயம் தெரியாமலேயே சிரித்தான். அம்சவள்ளியும் சிரித்தாள். சிரிக்காமல் எப்படி? ஊரில் உள்ள நடையெல்லாம் தெரிந்தவளுக்குத் தன் நடை தெரியவில்லை. தன் முதுகை எவள் பார்த்திருக்கிறாள்? சந்தியா ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். நடவுக்காரக் கால், குனிந்தால் பின்னால்தான் போகும், எல்லாருக்குமே முதலில் அப்படித்தான் இருந்தது, உங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான் அக்கா என்றாள். அம்சவள்ளி காதில் வாங்கவில்லை. தீர்ப்பு சொன்னவளே அதை மீறினால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அரக்குச் சேலையை மடித்தாள். ஒரு சேலையை மடிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

பிறகு பழக்கம் நடக்கிற பக்கமே அவள் போகவில்லை. மைதானத்து வழியாகப் போகவேண்டிய கடைக்கும் ஏரிக்கரையைச் சுற்றிப் போனாள். வயலிலும் வரிசையின் கடைசியில் நின்று, கும்மிப் பேச்சு எழுந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். ஆனால் வீம்பு விடவில்லை. சடையன் வேலைக்குப் போன பிறகு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்று, குனிந்தால் முன்னால் போகக் காலுக்குக் கற்றுக்கொடுத்தாள். குனி, தட்டு, முன்னால் வை. கால் பின்னால் போகும். மாட்டைத் திட்டுவதுபோலத் தன் காலைத் திட்டினாள். கட்டுத்தறியில் இருந்த மாடு, தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக் காதைத் தாழ்த்திக்கொண்டது. கடைசியில், விழாவுக்காக நடவை நிறுத்திவைத்திருந்த வாரத்தில் ஒருநாள் கால் முன்னால் போனது. மறுநாளும் போனது. பிறகு முன்னால் மட்டுமே போனது. இனி இதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்திருந்தும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. மாட்டுக்கு மட்டும் செய்துகாட்டினாள்.

விழாவன்று நிர்மலா அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பை காக்கிற வேலையில் ஆபத்தில்லை, அம்சவள்ளி வந்தாள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அரக்குச் சேலையையும் எடுத்து வந்திருந்தாள்.

மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கியதும் கலையரசி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். அடுத்த வளைவில் அதைக் கடித்தாள். அதற்கடுத்த வளைவுகளைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நல்லது. கரியாலூரில் இறங்கியபோது அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு மரத்தடியில் படுக்கவைக்க வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தால் மலை சுற்றுகிறது என்றாள். மைக்கில் அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிர்மலா அம்சவள்ளியைப் பார்த்தாள். நகர்வதற்கு அங்கே இடமில்லை, பின்னால் வேன்.

“அம்சா, அந்தச் சேலையைக் கட்டுடி.”

வேனுக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் மறைத்து, ஆளுக்கொரு கொசுவமாகச் சொருகிக் கட்டிவிட்டார்கள். அவளிடம் எதையாவது சொல்லவேண்டுமென்றால் அவர்கள் அப்போது சொல்லியிருக்கலாம். அவள் வராத நாள்களில் கும்மி மாறியிருந்தது. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்த ராஜாம்பாளுக்கே ஒருநாள், சிரித்துக்கொண்டே அதுபோல ஆடிப் பார்க்க, அதுதான் சுகமாக இருப்பதாகத் தெரிந்ததாம். முன்னால் போனால் இடுப்பு பிடிக்கிறது, பின்னால் போனால் பிடிக்கவில்லை. ஒருத்தி செய்தால்தான் தப்பு, எல்லாரும் செய்தால் ஸ்டெப்பு என்று அவள் சொல்ல, சந்தியாவும் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். பாட்டின் கடைசிக் கண்ணியில் எல்லாரும் குனிந்து தட்டிப் பின்னால் போகவேண்டும், வட்டம் பூப்போல விரியவேண்டும் என்று மாற்றிவிட்டாள். இதை அம்சவள்ளியிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் ஆட்டத்தை அவளுக்கே என்னவென்று சொல்லிக்கொடுப்பது?

மேடை ஏறினார்கள். கீழே நாற்காலிகள், நாற்காலிகளுக்குப் பின்னால் கூட்டம், கூட்டத்துக்குப் பின்னால் மலை. அம்சவள்ளிக்கு எல்லாம் ஒரே தலையாகத் தெரிந்தது. நிர்மலா பாட்டெடுத்தாள். தட்டு விழுந்தது. என்ன ஆச்சரியம், கை தானாகப் போனது. திரும்பவேண்டிய இடத்தில் உடம்பு திரும்பியது, ஜோடியின் கை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. டிரில் வாத்தியார் பார்த்திருந்தால் விசிலை விழுங்கியிருப்பார். இதோ நிற்கிறேன், வட்டத்தில் ஒருத்தியாக நிற்கிறேன், எந்தச் சத்தம் என் சத்தமென்று தெரியவில்லை என்று அவள் மனசு துள்ளியது.

கடைசிக் கண்ணி வந்தது. எல்லாரும் குனிந்தார்கள். தட்டினார்கள். வைக்கோல் போர் வித்தை முழுவதையும் காலில் திரட்டிக்கொண்டு அம்சவள்ளி முன்னால் போனாள். மறுபடி குனிந்து, தட்டி, இன்னும் முன்னால் போனாள். மூன்றாவது தட்டுக்கு நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் யாருமில்லை. வட்டம் மொத்தமும் பூப்போல விரிந்து தூரத்தில் இருக்கிறது. நடுவில் அவள் மட்டும் இருக்கிறாள்.

ஊர் ஆல்பம் முழுக்க முழங்கையாக இருந்தவள், கரியாலூர் மேடையின் நட்டநடுவில், தலை முதல் கால் வரை நின்றாள். ஓடிவிடலாம் என்று பார்த்தாள். எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு அரக்குச் சேலை நின்றது. வட்டத்துக்கு மூலை இல்லாவிட்டாலும் நடு உண்டு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எதிரே ராஜாம்பாள், சிரிப்பை அடக்கிக் கன்னம் உப்பிப்போய், உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

“அங்கியே ஆடுடி. வராத.”

வட்டம் தட்டிக்கொண்டே குவிந்து அவளிடம் வந்தது. அம்சவள்ளியும் தட்டினாள். வட்டம் விரிந்தது, அவள் நின்ற இடத்திலேயே குனிந்து சுழன்றாள். ஒளிய ஒரு பக்கமும் இல்லாதபோது எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. இப்போது எல்லாரும் அவள் தட்டுக்குத் தட்டினார்கள். அவள் மெதுவாகத் தட்டினால் மெதுவாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி. தன் சத்தம் எதுவென்று அவளுக்குத் தெரிந்தது. செத்துப்போவோம் என்று நினைத்தாள், சாகவில்லை. பாட்டு முடிந்தபோது ஒருத்தி மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருந்தாள், நிர்மலா தோளைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

மைக் பிடித்தவர், வயல் விரியும் காட்சியின் நடுவே நிலமகளாகவே தோன்றிய சகோதரிக்கு ஒரு பலத்த கைதட்டல் என்றார். மேடையோரம் நின்ற சந்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் பரிசு மலை ஊர்க்காரர்களுக்குப் போனது, நியாயமாகத்தான் போனது. இவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது. வேனில் மலை இறங்கும் வழியெல்லாம் ராஜாம்பாள் அவளை நிலமகளே என்றுதான் கூப்பிட்டாள். வீட்டில் சடையன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே ஆடினாயா என்று கேட்டான். ஆடினதாகத்தான் சொல்கிறார்கள் என்றாள்.

மறுநாள் நடவு. வரிசையில் இந்தத் தடவை நிர்மலாவுக்கும் ராஜாம்பாளுக்கும் நடுவே அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். அம்சவள்ளி நாற்றுக் கற்றையை எடுத்தாள், குனிந்தாள், ஊன்றினாள். கால் முன்னால் போய், ஊன்றிய நாற்றை மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கியது. இழுத்துக்கொண்டு அடுத்ததை ஊன்றினாள். அதையும் மிதித்தது. பின்னால் போவதில் மிஞ்ச ஆளில்லாதவளுக்கு, வைக்கோல் போரில் கற்றது அத்தனையும் இங்கேதான் ஞாபகம் வந்தது.

“இன்னாடி பண்ற?” என்றாள் நிர்மலா. “நட்டத மெரிச்சிக்கினே வர்ற?”

“உடுக்கா,” என்றாள் ராஜாம்பாள் குனிந்தபடியே. “அது அவ நெலம்.”

வரிசை முழுக்க முதுகுகள் குலுங்கின. அம்சவள்ளி சேற்றில் கைவிட்டு, அமுங்கிய நாற்றைத் தேடி எடுத்து நிமிர்த்தினாள். இரண்டு காலையும் பார்த்து, மாட்டிடம் பேசுகிற குரலில் ஏதோ சொன்னாள். பிறகு குனிந்து, ஊன்றி, யோசித்து, பின்னால் ஒரு எட்டு வைத்தாள்.